வீரபாகுவும் அரசமரத்துப் பூச்சியும்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். கோயிலை ஒட்டி ஓர் அரசமரமும் ஒரு வேப்பமரமும் பின்னிக்கொண்டு நின்றன. எழுபத்தோராம் வருஷம் புரட்டாசியில் அந்த அரசமரத்தைக் கொன்றுவிட்டார் என்று வீரபாகுவின் மேல் பழி விழுந்தது. சொன்னவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். அதைவிடக் கொடுமை, அவரே அதை நம்பினார்.

வீரபாகுவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். சாயம் காய்ச்சுவது தொழில். தெருவில் பாதித் தறிகளுக்கு அவர் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் நூல் போகும். கச்சாப் பட்டை சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் அவித்து, அதிலுள்ள பசையைப் போக்கி, பிறகு சாயக் கொப்பரையில் முக்கி, மூங்கிலில் போட்டு உலர்த்துவார். முழங்கை வரைக்கும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாற வருகிறவன் இலையைப் பார்க்க மாட்டான், அவர் கையைத்தான் பார்ப்பான். “சாயம்பா, அழுக்கு இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

சண்டை போடத் தெரியாத மனிதர். யாராவது குரலை உயர்த்தினால் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவருக்கு உடனே தோன்றிவிடும். அவருக்கும் சேர்த்து அவர் மனைவி தில்லையம்மாள் பேசுவார்.

ஒரு காலத்தில் சாயத் தண்ணீர் தெருச் சாக்கடையில் கலந்து ஓடியது. மழை பெய்தால் வாசலில் சிவப்பும் பச்சையுமாகத் தேங்கும். கோலம் போட முடியவில்லை என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். தெருவே கூடிப் பேசி, கொல்லை வழியாக வாய்க்கால் வெட்டிக் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தில் விடச் சொன்னது. வீரபாகு அப்படியே செய்தார். பள்ளம் அரசமரத்து வேரை ஒட்டி இருந்தது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அரசமரம் மாசி, பங்குனியில் இலை கொட்டும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த வருஷம் புரட்டாசியில், மற்ற மரமெல்லாம் தழைத்து நிற்கிற நேரத்தில், அரசு மொட்டையாக ஆரம்பித்தது. முதலில் உச்சிக் கிளைகள். பிறகு தெருப் பக்கம். காலையில் கும்பிட வருகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால் இலை இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. பக்கத்தில் வேம்பு மட்டும் பச்சையாக நின்றது, மரத்தை இன்னும் மோசமாகக் காட்டுவதற்கென்றே நிற்பதைப்போல.

தெருவுக்குப் பெரியவர் மாணிக்கவாசகம். தில்லையம்மாளுக்குக் கூடப்பிறந்த அண்ணன், அதனால் வீரபாகுவுக்கு மச்சான். அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லை. அவர் மனைவி இந்த மரத்தைத்தான் விடியற்காலைகளில் ஈரப் புடவையோடு சுற்றிவந்தாள். பிறகு ஒரு பெண் பிறந்தாள். மரம் காய்வதைப் பார்த்து அவர் துடித்தார். அந்தத் துடிப்பில் வேஷம் இல்லை.

ஒரு சாயங்காலம் மரத்தடியில் எல்லாரையும் கூட்டினார்.

“மாப்ளே, உன் வாயாலயே சொல்லு. அந்தப் பள்ளத்துல எத்தினி நாளா சாயத் தண்ணி வுடறே?”

“ரெண்டு வருஷமா, மச்சான்.”

“அதுக்கு முன்னாடி மரம் இப்டி ஆயிருக்குதா?”

இல்லை என்று வீரபாகு தலையாட்டினார்.

தில்லையம்மாள் கூட்டத்துக்குள் நுழைந்து வந்தார். “அண்ணா, ஒரே மண்ணு, ஒரே தண்ணி. வேம்பு மட்டும் எப்டி பச்சையா நிக்குது? அதுக்கு மட்டும் வேற தண்ணியா ஊத்தறோம்?”

“வேம்பு எதையும் தாங்கும்மா. அரசு அப்டியில்ல.”

“நான் எதைக் கேட்டாலும் நீ ஒரு பதில் வெச்சிருப்பே, எனக்குத் தெரியும்.”

“தில்ல, நீ சும்மா இரு” என்றார் வீரபாகு. தன் மனைவியை அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பிறகு மச்சான் பக்கம் திரும்பி, “நான் இன்னா பண்ணணும்?” என்று கேட்டார்.

தீபாவளிக்குள் சாயக் கொப்பரைகளைத் தெருவை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. போக வேறு இடம் அவருக்கு இல்லை. அதை அங்கே யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை தானே மண்வெட்டி எடுத்து வாய்க்காலை மூடினார். அடுப்பு மூட்டவில்லை. கிணற்றில் இறைத்து இறைத்து மரத்தடியில் ஊற்றினார், மண்ணில் இறங்கிய விஷத்தைக் கழுவிவிடலாம் என்று. தில்லையம்மாள் வைத்த சோறு மூடியபடியே இருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால், “மரம் பட்டினி கெடக்குது” என்பார். நூலுக்கு வந்த நெசவாளர்கள் கொல்லைக் கதவு வரை வந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அப்படி ஒருநாள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு மரத்தடியில் குந்தியிருந்தபோது அவர் கழுத்தில் ஏதோ விழுந்தது. தட்டிவிட்டார். இன்னொன்று தோளில் விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தார். கேழ்வரகு அளவில் கறுப்பாக ஒரு உருண்டை. கீழே கோயிலின் சிமென்ட் தரையைப் பார்த்தால் அங்கேயும் அதே உருண்டைகள் சிதறிக் கிடந்தன. விரலால் நசுக்கியபோது பச்சையாகப் பிசுபிசுத்தது. சாயக்காரர் கை, நிறத்தைக் கண்டால் சும்மா இருக்காது. முகர்ந்தார். இலை வாசனை.

காய்ந்துபோன மரத்திலிருந்து பச்சை விழுமா?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் சுவரில் ஏறி நின்று தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்தார். மிச்சமிருந்த இலைகளில் நரம்பு மட்டும் இருந்தது. குச்சி என்று நினைத்துத் தொட்ட ஒன்று நகர்ந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த புழு, பின்பக்கத்தில் ஒரு சின்னக் கொம்பு. ஒன்று தெரிந்ததும் கிளை முழுக்கத் தெரிந்தன. மடங்கிய ஓர் இலைக்குள் இளமஞ்சளில் ஒரு கூடு இருந்தது. நிலக்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது.

அந்தக் கூட்டைப் பிய்த்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். நகத்தால் ஓர் இழை எடுத்து இழுத்துப் பார்த்தார். வழுவழுப்பு, மேலே பசை. வாழ்நாளெல்லாம் அந்தப் பசையைத்தான் அவர் வெந்நீரில் போக்கிக்கொண்டிருந்தார்.

“தில்ல! இங்க வா! மரத்தைப் புழு தின்னுக்கினு இருக்குது. அது பட்டு நூக்குது!”

அவர் போட்ட கூச்சலில் தறியை விட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். தில்லையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “நான் சொன்னேனா இல்லையா? தண்ணியில்ல, தண்ணியில்ல.” வீரபாகுவுக்கும் அந்த நிமிஷம் ஒரு பெரும் பாரம் இறங்கியது. ஆனால் அது இறங்கிய வேகத்தில் மறுபடி ஏறிக்கொண்டது.

“பட்டா?” என்றார் எதிர்வீட்டுப் பரமசிவம். தறிக்காரர், விஷயங்களைக் கொஞ்சம் அதிகமாக யோசிக்கிற ஆள். “அப்போ கச்சாப் பட்டு மூட்டையில முட்டை ஒட்டிக்கினு வந்திருக்கும்பா. மூட்டை யார் வூட்டுக்கு வருது?”

எல்லாரும் வீரபாகுவைப் பார்த்தார்கள். மாணிக்கவாசகம் கூட்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “எப்டிப் பார்த்தாலும் உன் வூட்டுலேருந்துதான் வந்திருக்குது, மாப்ளே” என்றார். இந்தத் தடவை அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது.

பக்கத்துத் தெருவில் மாடியில் குடியிருந்தவர் லில்லி டீச்சர். செங்கல்பட்டுக்காரர், பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுப்பார். போன வருஷம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சாயம் காய்ச்சுவதைப் பார்க்க வந்திருந்தார், அதில் பழக்கம். வீரபாகு அன்று சாயங்காலமே ஒரு துணியில் கூடுகளையும் புழுக்களையும் முடிந்துகொண்டு போனார்.

“டீச்சரம்மா, பட்டுப்பூச்சி எப்டி இருக்கும்? பொறந்ததுலேருந்து பட்டைத் தொட்டுக்கினு இருக்கேன். பூச்சியை நான் பார்த்ததேயில்ல.”

“நானும் படத்துலதான் பார்த்திருக்கேன், ஐயா. வெள்ளையா, குண்டா இருக்கும். மனுஷங்க வளர்த்து வளர்த்து, அதுக்குப் பறக்கவே முடியாமப் போயிடுச்சு. முசுக்கொட்டை இலையைத் தவிர வேற எதுவும் திங்காது.” முடிச்சை அவிழ்த்துப் புழுக்களைப் பார்த்தார். தொட அருவருத்தார், ஆனாலும் ஒன்றை விரலில் ஏறவிட்டார். “இது என்னன்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது. கூட்டுக்குள்ள இருக்கறது வெளிய வரட்டும். பார்த்துட்டுப் பேசலாம்.”

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கூடுகளையும் இன்னொன்றில் புழுக்களையும் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டினார்கள். புழு பாட்டிலில் அரச இலையும் வேப்பிலையும் ஆலிலையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார் டீச்சர். வீரபாகு இரண்டு பாட்டில்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி மாடத்துக்குக் கீழே வைத்தார். அரச இலை காணாமல் போயிற்று. ஆலிலை ஓரத்தில் கடிபட்டது. வேப்பிலை போட்டது போட்டபடி கிடந்து வாடியது. தில்லையம்மாள் அந்த வாடிய வேப்பிலைக் கொத்தை எடுத்துக்கொண்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஒரு வாரம் போலக் கழித்து, காலை வெளிச்சம் வந்த நேரத்தில் வீரபாகு பாட்டிலைக் கையில் எடுத்தார். ஒரு கூடு திறந்திருந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னப் பூச்சி. வெள்ளையில்லை. மரப்பட்டை நிறம், சிறகில் குறுக்கே அலையலையாய் மங்கிய கோடுகள். சிறகை இரண்டு பக்கமும் விரித்து, வால் முனையை மேலே தூக்கி வளைத்து உட்கார்ந்திருந்தது. துணியைக் கொஞ்சம் தளர்த்தினார். பூச்சி விளிம்புக்கு வந்தது, சிறகு நடுங்கியது, சட்டென்று எழும்பி அறைக்குள் ஒரு வட்டம் அடித்து உத்தரத்தில் போய் ஒட்டியது.

“பறக்குது! தில்ல, பறக்குது!”

தில்லையம்மாள் கரண்டியோடு ஓடிவந்தார். இரண்டு பேரும் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தபிறகுதான் அசைந்தார்கள்.

மாணிக்கவாசகம் வந்து பார்த்தார். அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ இளகியிருக்க வேண்டும், ஆனால் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுகிற ஆளில்லை. “பறந்தா பட்டுப்பூச்சி இல்லன்னு டீச்சரம்மா சொல்றாங்க. சரி. அப்போ இது இன்னா? மறுபடி வருமா? மரம் பொழைக்குமா? அதைச் சொல்லச் சொல்லு.”

“அதுக்கு ஆள் வேணும்” என்றார் லில்லி டீச்சர், வீரபாகு போய்க் கேட்டபோது. வாலாஜாபாத்தில் பயிர்ப்பூச்சி பார்க்கிற விவசாய அதிகாரி ஒருவர் இருப்பதாக அவருக்குத் தெரியும். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வீரபாகுவும் டீச்சரும் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றபோது மாணிக்கவாசகமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். “நானே கேக்கறேன்” என்றார்.

அதிகாரியின் பெயர் தர்மன். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம், படித்து உத்தியோகத்துக்கு வந்தவர். மேஜை மேல் நெற்கதிரும் வேர்க்கடலைச் செடியும் கிடந்தன. செத்துப்போயிருந்த ஒரு பூச்சியை டீச்சர் பஞ்சில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். தர்மன் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

“நெல்லுல வர்ற அந்துப்பூச்சி மாதிரி இருக்குதே” என்று அலமாரியிலிருந்து கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே வரிசையாகக் குத்தி வைத்த பூச்சிகள். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “இல்ல. மீசையைப் பாருங்க, சீப்பு மாதிரி இருக்குது. இது அது இல்ல. எந்த மரத்துல எடுத்தீங்க?”

“அரசமரம்” என்றார்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில்.

“அதை மொதல்ல சொல்லக் கூடாதா!”

சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியை எடுத்தார். அதில் மூலையில் ஒரு பூச்சி இருந்தது. சாயம் போனாற்போல் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதே சீப்பு மீசை, அதே அலைக்கோடு. வீரபாகு குனிந்தார். ஒரே நிறத்தில் இரண்டு நூலை வைத்து, ஒரே கொப்பரையில் முக்கியவையா என்று பார்க்கிறவர் அவர். பெட்டிப் பூச்சியையும் பஞ்சுப் பூச்சியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுதாங்க” என்றார்.

“ஒண்ணுதான். ஒசினாரா வேரியன்ஸ்.” தர்மன் சீட்டைப் பார்த்து நிதானமாகப் படித்தார். “தமிழ்ல இதுக்குன்னு ஒரு பேர் இருக்கறதா எனக்குத் தெரியலை. அரசு, ஆலு, அத்தி எங்க நிக்குதோ அங்கெல்லாம் இருக்கும். காட்டுலயும் இருக்கும், சாலையோரத்துலயும் இருக்கும். ரொம்ப சாதாரணப் பூச்சி. உங்க பட்டுப்பூச்சிக்குப் பங்காளின்னு வெச்சிக்குங்களேன். ஆனா அந்த வூட்டுலேருந்து வந்ததில்ல. இது தானா வாழற கூட்டம்.”

“பட்டு மூட்டையில வர்லியே?” வீரபாகு இன்னொரு தடவை கேட்டார்.

“கச்சாப் பட்டு எடுக்கும்போதே கூட்டைக் கொதிக்க வெச்சுடறாங்க. அதுல ஒண்ணும் உசிரோட வராதுங்க.”

மாணிக்கவாசகம் தொண்டையைச் செருமினார். “மரம்?”

“மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. சில வருஷம் இப்டி மொத்தமா வந்து மொட்டையடிக்கும். மழை விழுந்தா துளிர்த்துக்கும். மருந்துகூட வேணாம். காக்கா, மைனா பார்த்துக்கும். நகத்தால கிளையைக் கீறிப் பாருங்க, உள்ள பச்சை இருக்கும்.”

“சாயத் தண்ணி?” இதையும் வீரபாகுதான் கேட்டார். டீச்சருக்கு எதற்கு இப்போது அதைக் கேட்கிறார் என்று இருந்தது. ஆனால் வீரபாகுவுக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் வீடு திரும்ப முடியாது.

தர்மன் பெட்டியை மூடினார். “நல்லதுன்னு சொல்ல மாட்டேன். வேற பக்கம் திருப்புறது நல்லது. ஆனா தண்ணியால மரம் போச்சுன்னா இலை பழுக்கும், கருகும், கீழ கொட்டும். உங்க மரத்தடியில இலை குமிஞ்சு கெடந்துதா?”

“இல்ல” என்றார் மாணிக்கவாசகம் மெதுவாக. “பெருக்கற பொம்பள, இந்த வருஷம் இலையே கூட்டலன்னு சொன்னா. நான்தான் காதுல வாங்கல.”

திரும்பி வரும் பஸ்ஸில் வீரபாகு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்புவதற்குள் தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது, தலை கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது, எழவில்லை. எத்தனை நாள் தூக்கம் அது என்று பக்கத்திலிருந்த மாணிக்கவாசகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். துண்டை மடித்துத் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தார். ஐயம்பேட்டையில் வண்டி நின்றபோது வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கி, எழுப்பி, கையில் கொடுத்தார்.

“சாப்பிடு மாப்ளே. வூட்டுக்குப் போனா என் தங்கச்சி என்னைக் கேப்பா.”

வீரபாகு பொட்டலத்தைப் பிரித்து டீச்சரிடம் முதலில் நீட்டினார். பிறகு இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றார், பசியை அப்போதுதான் கண்டுபிடித்தவரைப்போல. நடுவில் திடீரென்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “பங்காளியாம், மச்சான். பட்டுப்பூச்சிக்குப் பங்காளியாம்.” மாணிக்கவாசகத்துக்கும் சிரிப்பு வந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தெருவில் ஆட்கள் காத்திருந்தார்கள். மாணிக்கவாசகம் நேரே மரத்திடம் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, தாழ்ந்த கிளையைப் பிடித்து, மன்னிப்புக் கேட்கிறாற்போல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகத்தால் கீறினார். ஈரமாய், பளிச்சென்று பச்சை. அந்த விரலை அப்படியே எல்லாருக்கும் காட்டினார்.

“மரம் உசிரோட இருக்குது. தின்னது காட்டுப் பூச்சி. அரசமரம் இருக்கற எடத்துல எல்லாம் இருக்குமாம். வீரபாகு மேல தப்பு இல்ல. நான் சொன்னது தப்பு.”

வீரபாகுவுக்கு அது பிடிக்கவில்லை. கூச்சத்தில் நெளிந்தார். “அதெல்லாம் எதுக்கு மச்சான், வுடு” என்றார். பரமசிவம் மட்டும், “அப்டின்னா அடுத்த வருஷமும் வருமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். வரட்டும், என்றார் தில்லையம்மாள். வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடலாம்.

மறுநாள் அடுப்பு எரிந்தது. கொல்லை மூங்கில்களில் வாடாமல்லி நூலும் கிளிப்பச்சை நூலும் காற்றில் ஆடின. யாரும் சொல்லாமலே வீரபாகு தன் கொல்லையின் மறுகோடியில் மணலும் கருங்கல் ஜல்லியும் போட்டு ஒரு குழி எடுத்தார். சாயத் தண்ணீர் பிறகு அதில்தான் போயிற்று. பழைய வாய்க்காலை அவர் திறக்கவேயில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்து ஒரு காலை வெளிவாங்கியபோது மரம் முழுக்கச் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருந்தது. மாணிக்கவாசகத்தின் மகள் ஓடிவந்து கதவைத் தட்டி, “மாமா, மாமா, மரத்தைப் பாருங்க” என்று கத்தினாள். வீரபாகு வெளியே வரவில்லை. உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தில்லையம்மாள் கதவைப் பாதி திறந்து, விரலை வாயில் வைத்தார்.

“தூங்கட்டும்மா. மரம் எங்க போயிடப் போவுது?”